உடன்பயணிகளின் வயது: உல்லாசக் கப்பல் வரலாற்றில் ஒரு நோக்கு

முன்னுரை

பேருந்தில் அருகே அமரப்போகிறவர் யார் என விசாரித்துவிட்டு எவரும் பயணச்சீட்டு வாங்குவதில்லை. அரை மணி நேரத்தில் இறங்கிவிடும் ஒருவர் இளைஞரா, முதியவரா என்பது நமக்குப் பொருட்டாகாது. கப்பற் பயணம் அத்தகையதன்று. ஏறிய பின் நடுக்கடலில் இறங்க இயலாது. உண்ணும் மேசையும் உலாவும் தளமும் இரவுப் பொழுதும் உடன்வருவோருடன் பகிர்ந்துகொள்ளப்படுகின்றன. ஆகவேதான் உல்லாசக் கப்பலில் செல்ல விழைவோர், எந்தெந்தத் துறைமுகங்களைக் காணலாம், கட்டணம் எவ்வளவு என்னும் இரு வினாக்களோடு, உடன்வருவோர் எந்த வயதினர் என்னும் மூன்றாம் வினாவையும் கேட்கின்றனர்.

இவ்வினா இக்காலத்துச் சுற்றுலா வணிகம் பெற்றெடுத்த புதுமை என்று தோன்றலாம். வரலாற்றைப் புரட்டினால் அது மிகப் பழமையானது என்பது விளங்கும். உல்லாசப் பயணம் என ஒன்று தோன்றிய காலத்திலேயே அதுபற்றிய முணுமுணுப்பும் தோன்றிவிட்டது. ஒரு கப்பலில் இளைஞர் எத்தனை பேர், முதியோர் எத்தனை பேர், குழந்தைகள் எத்தனை பேர் என்பதை எவை முடிவு செய்கின்றன? தம் வயதினரையே நாடிச் செல்பவர் பெறுவது யாது? இழப்பது யாது? இவ்விரு வினாக்களுக்கு வரலாறு தரும் விடையை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

‘குவேக்கர் சிட்டி’யில் எழுந்த முறையீடு

கப்பல் என்பது ஓரிடத்திலிருந்து மற்றோரிடம் சேர்வதற்கே என்றிருந்த நிலை 19ஆம் நூற்றாண்டில் மெல்ல மாறியது. 1835ஆம் ஆண்டு ஷெட்லாந்துத் தீவினரான ஆர்தர் ஆண்டர்சன், தாம் தொடங்கிய இதழில், ஐஸ்லாந்து வரை சென்று மீளும் இன்பப் பயணம் ஒன்றினைக் கற்பனையாக விளம்பரப்படுத்தினார். பின்னர் அவரே பி அண்டு ஓ என்னும் புகழ்பெற்ற கப்பல் நிறுவனத்தைத் தோற்றுவித்தோருள் ஒருவரானார். அந்நிறுவனம் 1844ஆம் ஆண்டு நாவலாசிரியர் தாக்கரேயை இலவசமாக ஏற்றிச் சென்று நடுநிலக்கடல் நகரங்களைக் காட்டியது. அவரும் அதனைப் பயணநூலாக எழுதினார். ஆயினும் ஒரு கூட்டமாகச் சேர்ந்து, ஒரே கப்பலில் புறப்பட்டு, பல நாடுகளைக் கண்டு, அதே கப்பலில் திரும்பிய நெடும்பயணங்களுள் உலகம் நன்கறிந்தது ‘குவேக்கர் சிட்டி’யின் பயணமே.

1867ஆம் ஆண்டு சூன் 8ஆம் நாள் நியூயார்க்கிலிருந்து புறப்பட்ட இக்கப்பல் நவம்பர் 19ஆம் நாள் திரும்பியது. கப்பல் தலைவர் சார்லஸ் டங்கன். பயணிகள் ஏறக்குறைய 70 பேர். இப்பயணத் திட்டம் புரூக்ளினிலிருந்த பிளிமத் தேவாலயத்தைச் சார்ந்தோரிடையே உருவானது. புகழ்பெற்ற சமயப் பேச்சாளர் ஹென்றி வார்டு பீச்சரும், உள்நாட்டுப் போரில் பெயர்பெற்ற படைத்தலைவர் ஷெர்மனும் வருவர் எனச் சொல்லப்பட்டது. ஈற்றில் இருவருமே வரவில்லை. ஒருவருக்குக் கட்டணம் 1,250 டாலர். பணம் மட்டும் இருந்தால் போதாது. விண்ணப்பத்தை ஒரு குழு பார்த்து ஒப்புதல் தரவேண்டும்.

அப்பயணிகளுள் ஒருவர் 31 வயதான இதழாளர் சாமுவேல் கிளெமன்ஸ். மார்க் டுவெயின் என்றால் மாணவர் எளிதில் அறிவர். சான் பிரான்சிஸ்கோ நாளிதழ் ஒன்று அவருடைய கட்டணத்தைச் செலுத்தி, பயணக் கடிதங்கள் எழுதுமாறு அனுப்பியது. அக்கடிதங்களே பின்னர் விரிவடைந்து 1869ஆம் ஆண்டு ‘இன்னசென்ட்ஸ் அப்ராட்’ என்னும் நூலாயின.

பயணம் முடிந்த கையோடு அவர் நியூயார்க் செய்தித்தாளொன்றில் தம் மனக்குறையை எழுதினார். இன்பப் பயணம் என்று கூறி அழைத்தார்கள். வந்து சேர்ந்தவருள் முக்கால் பங்கினர் நாற்பதுக்கும் எழுபதுக்கும் இடைப்பட்டவர் என்பதே அக்குறையின் சாரம். ஆடல்பாடலும் சிரிப்பும் நிறைந்திருக்கும் என எண்ணி ஏறியவருக்கு வழிபாடும் அடக்கமும் முன்னே வந்து நின்றன. மாலைதோறும் உணவுக்கூடத்தில் வழிபாட்டுக் கூட்டம் நடந்தது. தளத்தில் நடனமாட முயன்றபோது கப்பல் ஒருபுறம் சாய, ஆடினோர் அனைவரும் அப்புறமே சறுக்கினர். பலர் ஆர்வத்தோடு நாட்குறிப்பு எழுதத் தொடங்கினர். சின்னாட்களில் அவ்வார்வம் வற்றிப்போயிற்று.

இக்கப்பலில் முதியோர் மிகுந்தது ஏன்? எவரும் திட்டமிட்டு முதியோரைச் சேர்க்கவில்லை. ஐந்து திங்களுக்கு மேல் தொழிலையும் குடும்பத்தையும் விட்டுச் செல்லக்கூடியவர் யார்? 1,250 டாலரைச் செலவிட வல்லவர் யார்? தேவாலயக் குழுவின் ஒப்புதலைப் பெறக்கூடியவர் யார்? இம்மூன்று வினாக்களுக்கும் ஒருசேர விடையாகக்கூடியவர் வாழ்வில் ஓரளவு நிலைபெற்ற நடுவயதினரும் முதியோருமே. காலம், கட்டணம், நோக்கம் ஆகிய மூன்று சல்லடைகளும் இளைஞரைச் சலித்து வெளியே தள்ளிவிட்டன. பயண அறிவிப்பை ஊன்றிப் படித்திருந்தால், தம்முடன் வரப்போகிறவர் யாவர் என்பதை டுவெயின் புறப்படுமுன்பே கணித்திருக்கலாம்.

எனினும் அவருடைய முறையீட்டை அப்படியே ஏற்றுக்கொள்வதற்கில்லை. சிரியா நாட்டில் நிகழ்ந்தது ஒன்றைக் காண்போம். தமாஸ்கசு நகருக்குக் குதிரைகளில் சென்றபோது, ஓய்வுநாளில் பயணம் செய்தல் ஆகாது என்பதற்காக, மூன்று நாள் வழியை இரண்டே நாளில் கடந்துவிட வேண்டுமெனப் பக்தர்கள் வற்புறுத்தினர். களைத்து நொந்த குதிரைகளைக் கண்டு டுவெயின் சினந்தார். அங்கே மோதியவை வயதுகளல்ல, வாழ்க்கை நோக்குகள். கப்பலில் அவருடன் நெருங்கிப் பழகி, அறையில் சிரித்துப் பேசிய நண்பர் குழுவில் இருபதை ஒட்டிய இளைஞரும் இருந்தனர். நாற்பதை நெருங்கிய டேன் ஸ்லோட்டும் இருந்தார். வயது நட்புக்குத் தடையாக இருக்கவில்லை.

இன்னும் நுணுகி நோக்கினால், அப்பயணத்தில் அவர் பெற்ற பெரும்பேறு இரண்டும் தம் வயதினரல்லாதாரிடமிருந்தே வந்தன. முதலாமவர் மேரி மேசன் ஃபேர்பேங்க்ஸ் என்னும் அம்மையார். கிளீவ்லாந்து நகரச் செய்தித்தாள் உரிமையாளரின் துணைவியாரான இவர் டுவெயினைவிட ஏழு வயது மூத்தவர். அவருடைய கடிதங்களைப் படித்து, கொச்சையானவற்றை நீக்குமாறு அறிவுரை கூறினார். டுவெயின் அவரை அன்னை என்றே அழைத்தார். அம்மையார் 1898ஆம் ஆண்டு மறையும்வரை அத்தொடர்பு நீடித்தது. இரண்டாமவர் சார்லஸ் லாங்டன் என்னும் 17 வயது இளைஞன். தன் தமக்கையின் சிறு உருவப்படத்தைக் கப்பலில் காட்டினான் என்றும், அன்றே தம் உள்ளத்தை அதில் பறிகொடுத்தேன் என்றும் டுவெயின் பிற்காலத்தில் கூறினார். அத்தமக்கையே ஒலிவியா. 1870ஆம் ஆண்டு அவர்கள் மணந்துகொண்டனர்.

தம் வயதினர் மட்டுமே நிறைந்த கப்பல் ஒன்றை டுவெயின் தேர்ந்தெடுத்திருந்தால் அவருடைய மாலைப்பொழுதுகள் களிப்பாகக் கழிந்திருக்கக்கூடும். ஆனால் அவர்தம் எழுத்தைத் திருத்திய கையும், வாழ்க்கைத் துணையைக் காட்டிய கையும் அக்கப்பலில் இருந்திரா.

குளிர்காலக் கப்பல்களும் செல்வர் கூட்டமும்

உல்லாசப் பயணத்தை ஒழுங்கான வணிகமாக நிலைநிறுத்தியவர் செருமனி நாட்டு ஆல்பர்ட் பாலின். ஹாம்பர்க்–அமெரிக்கா கப்பல் நிறுவனத்தைச் சேர்ந்த இவருக்கு ஒரு தொல்லை இருந்தது. குளிர்காலத்தில் அட்லாண்டிக்கைக் கடக்க விரும்புவோர் குறைவு. பெரிய கப்பல்கள் துறைமுகத்தில் ஓய்ந்து கிடந்தன. அவற்றைக் கதிரவன் ஒளிவீசும் நடுநிலக்கடலுக்குச் செலுத்தினால் என்ன என்று எண்ணினார். 1891ஆம் ஆண்டு சனவரி 22ஆம் நாள் ‘அவுகுஸ்தா விக்டோரியா’ என்னும் கப்பல் 241 பயணிகளுடன் புறப்பட்டு ஏறக்குறைய இரண்டு திங்கள் கழித்துத் திரும்பியது. பாலினும் உடன் சென்றார். குளிர்காலத்தில் இரண்டு திங்கள் ஓய்வு கொள்ளக்கூடியவர் யாராக இருந்திருப்பர் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

1922ஆம் ஆண்டு நவம்பரில் ‘லக்கோனியா’ என்னும் கப்பல் நியூயார்க்கிலிருந்து உலகைச் சுற்றப் புறப்பட்டது. இப்பயணம் நான்கு திங்களுக்கும் மேலாக நீண்டது. இங்கும் காலமும் செல்வமும் உடையோரே இடம்பெற்றனர். அக்காலத்தில் கப்பலுக்குள் மக்களைப் பிரித்த சுவர் முதன்மையாக வகுப்புச் சுவரே: முதல் வகுப்பு, இரண்டாம் வகுப்பு, மூன்றாம் வகுப்பு என்பனவே தளங்களை வரையறுத்தன. வயதுச் சுவரும் சிறிது சிறிதாக எழும்பியது. 1935ஆம் ஆண்டு முதற்பயணம் மேற்கொண்ட பிரெஞ்சுக் கப்பல் ‘நார்மண்டி’யில் சிறுவர்க்கெனத் தனி உணவறை இருந்தது. பாபார் என்னும் யானையைப் படைத்த ஓவியர் ழான் டி புருனோஃபின் சித்திரங்கள் அதற்கு அழகூட்டின. யானைகளைப் பார்த்தவாறு குழந்தைகள் உண்டு மகிழ்ந்தனர் என்பது ஒருபுறம். பெரியோரின் பெருங்கூடத்தில் அவர்களுடைய அழுகையும் ஆரவாரமும் கேட்கவில்லை என்பது மறுபுறம். இருபாலார் நலனும் இதில் அடங்கியிருந்ததைக் காண்கிறோம்.

விமானம் வந்தபின் நேர்ந்த மாற்றம்

1958ஆம் ஆண்டு அக்டோபரில் ஜெட் விமானங்கள் அட்லாண்டிக்கைக் கடந்து பயணிகளை ஏற்றிச் செல்லத் தொடங்கின. ஐந்தாறு நாள் வழி சில மணி நேரத்தில் முடிந்தது. அலுவல் உடையோரும் இளைஞரும் வானவழியை நாடினர். அவசரமில்லாதவரும் விமானத்தை அஞ்சியவரும் பழைய பழக்கத்தை விட மனமில்லாதவருமே கப்பலில் எஞ்சினர். ஆகவே 1960களில் உல்லாசக் கப்பல் என்றாலே ஓய்வுபெற்ற செல்வர்களின் மிதக்கும் மாளிகை என்னும் எண்ணம் வேரூன்றியது. புதுமணத் தம்பதியரும் சாகுந்தறுவாயில் இருப்போரும் மட்டுமே அதில் ஏறுவர் என்று எள்ளி நகையாடினோரும் உண்டு.

இவ்வெண்ணத்தை உடைப்பதே அடுத்த தலைமுறை வணிகர்களின் குறிக்கோளாயிற்று. 1966ஆம் ஆண்டு இறுதியில் ‘சன்வர்டு’ என்னும் கப்பல் மயாமியிலிருந்து குறுகிய கரீபியப் பயணங்களைத் தொடங்கியது. 1972ஆம் ஆண்டு கார்னிவல் நிறுவனம் ‘மார்டி கிரா’ என்னும் பழைய கப்பலுடன் களமிறங்கியது. முதற் பயணத்திலேயே அக்கப்பல் மயாமிக்கு அருகே மணலில் தட்டி நின்றது. ஆயினும் நிறுவனம் சோரவில்லை. தன் கப்பல்களைக் களிப்புக் கப்பல்கள் என விளம்பரப்படுத்தி, குறைந்த கட்டணத்தில் சில நாட் பயணங்களை அளித்தது. 1977ஆம் ஆண்டு அமெரிக்கத் தொலைக்காட்சியில் தொடங்கிய ‘லவ் போட்’ தொடர், கப்பலென்றால் காதலும் நகைச்சுவையும் என்னும் படிமத்தை இல்லந்தோறும் கொண்டுசேர்த்தது. 1998ஆம் ஆண்டு ‘டிஸ்னி மேஜிக்’ புறப்பட்டபோது குழந்தைகளே கப்பலின் தலைமைப் பயணிகளாயினர்.

குவேக்கர் சிட்டியில் இளைஞரை வெளியே தள்ளிய அதே மூன்று சல்லடைகள், இங்கே அவரை உள்ளே இழுத்தன. பயணநாள் குறைந்தது, கட்டணம் தாழ்ந்தது, நோக்கம் களிப்பாயிற்று. கூட்டத்தின் வயதும் மாறியது.

வயதே விதியான கப்பல்கள்

இதற்கு எதிர்வினையும் எழுந்தது. குழந்தைகளின் ஆரவாரமின்றி அமைதி நாடியோருக்கென வயது வரம்பிட்ட கப்பல்கள் தோன்றின. ஐம்பது வயது நிரம்பியோர்க்குச் சுற்றுலா ஏற்பாடு செய்து பெயர்பெற்ற பிரித்தானிய நிறுவனமாகிய சாகா, 1997ஆம் ஆண்டு ‘சாகா ரோஸ்’ என்னும் கப்பலைத் தனக்கெனச் செலுத்தியது. துணையாக வருவோர் மட்டும் நாற்பதைக் கடந்திருந்தால் போதும் என அது விதி தளர்த்தியது. பி அண்டு ஓவின் ‘ஆர்க்கேடியா’ 2005ஆம் ஆண்டு முதல் 18 வயது நிரம்பியோரை மட்டுமே ஏற்றுகிறது. 2021ஆம் ஆண்டு பயணம் தொடங்கிய வெர்ஜின் வாயேஜஸ் நிறுவனமும் 18 வயதுக்குக் கீழ்ப்பட்டோரைச் சேர்ப்பதில்லை. ஆனால் அது முதியோரின் அமைதியை விற்கவில்லை. இளைஞரின் இரவுக் கேளிக்கையை விற்கிறது. வயது வரம்பு ஒன்றே. வரும் கூட்டமோ வேறு. விதியை மட்டும் படித்து முடிவெடுப்போர் ஏமாறுவது இதனாலேயே.

அவ்வாறாயின் ஒரு கப்பலில் எவ்வயதினர் மிகுந்திருப்பர் என்பதை எவ்வாறு அறிவது? வரலாறு காட்டிய மூன்று சல்லடைகளே இன்றும் அளவுகோலாகும்.

முதலாவது காலம். மூன்று முதல் ஐந்து இரவுப் பயணங்களில் பணியிலிருப்போரும் இளங்குடும்பத்தினரும் மிகுவர். இரண்டு வாரங்களைத் தாண்டினால் தலைநரைத்தோர் பெருகுவர். நூறு நாள் உலகப் பயணத்தில் ஓய்வுபெற்றோரே பெரும்பான்மையர். பயணத்தின் நீளத்தைப் போலவே அதன் பருவமும் முக்கியமானது. பள்ளி விடுமுறையில் எந்தக் கப்பலும் சிறுவர் கப்பலாகிவிடும். பள்ளி திறந்த மறுவாரமே அதே கப்பல் அமைதி பெறும்.

இரண்டாவது கட்டணம். எல்லாச் செலவும் உள்ளடங்கிய உயர்விலைச் சிறுகப்பல்களில் சிறுவரைக் காண்பது அரிது. ஓரறையில் நால்வர் தங்க இடந்தரும் பெருங்கப்பல்கள் குடும்பங்களை ஈர்க்கும்.

மூன்றாவது நோக்கம். கப்பலின் வரைபடத்தைப் பார்த்தாலே இது புலனாகும். நீர்ச்சறுக்கு மரமும் சிறுவர் மன்றமும் எத்தனை தளங்களைப் பிடித்திருக்கின்றன? நூலகமும் விரிவுரைக் கூடமும் எங்கே உள்ளன? இடம் யாருக்கு ஒதுக்கப்பட்டுள்ளதோ அவரே வருவர்.

சட்டதிட்டங்களையும் பயணி அறிந்திருத்தல் நன்று. பெரும்பாலான கப்பல்கள் ஆறு திங்கள் நிரம்பாத குழந்தையை ஏற்பதில்லை. நெடும்பயணமாயின் ஓராண்டு நிரம்பியிருக்க வேண்டும் என்பர். சிறுவர் மன்றங்கள் பெரும்பாலும் மூன்று வயதிலிருந்தே குழந்தைகளைச் சேர்க்கின்றன. அமெரிக்கத் துறைமுகங்களிலிருந்து புறப்படும் பல கப்பல்களில் 21 வயது நிரம்பாதோர் பெரியவர் துணையின்றி அறை பெற இயலாது.

மாணவரும் முதியோரும் சேர்ந்து சென்ற கப்பல்

வயதைப் பிரிப்பதையே இதுவரை கண்டோம். வயதை வேண்டுமென்றே கலந்த கப்பல் ஒன்றும் வரலாற்றில் உண்டு. ஆசிரியரும் மாணவரும் அதனை அறிந்துகொள்ளல் தகும்.

பிரிட்டிஷ் இந்தியா என்னும் கப்பல் நிறுவனம், 1914ஆம் ஆண்டு முதல் பி அண்டு ஓ குழுமத்தைச் சேர்ந்தது. அது 1960களில் தன் பழைய கப்பல்கள் சிலவற்றைக் கல்விக் கப்பல்களாக மாற்றியது. அவற்றுள் ஒன்று ‘உகாண்டா’. கிழக்கு ஆப்பிரிக்கப் பயணத்துக்கென 1952ஆம் ஆண்டு கட்டப்பெற்ற இக்கப்பலில், 1968ஆம் ஆண்டு முதல் 900க்கு மேற்பட்ட மாணவர் பொதுத் துயிலறைகளில் தங்கினர். ஏறக்குறைய 300 வயதுவந்த பயணிகள் தனியறைகளில் தங்கினர். மாணவர்க்குக் கப்பலிலேயே வகுப்பறைகள் இருந்தன. துறைமுகத்தை அடையுமுன் அவ்வூரின் வரலாறு விரிவுரையாகக் கூறப்பட்டது. கரையிறங்கியபின் கற்றதைக் கண்ணாற் கண்டனர்.

இருசாராரும் வெவ்வேறு பகுதிகளில் வாழ்ந்தனர் என்பது உண்மையே. எனினும் இளையோர் பயிலும் கப்பல் என்று தெரிந்தே முதியோர் அதில் இடம்பெற்றனர். 1982ஆம் ஆண்டு ஏப்ரலில் பாக்லாந்துப் போர் மூண்டபோது, நடுநிலக்கடலில் மாணவருடன் சென்றுகொண்டிருந்த உகாண்டா அவர்களை நேப்பிள்சில் இறக்கிவிட்டு, மருத்துவக் கப்பலாக மாற்றப்பட்டுத் தென் அட்லாண்டிக்குக்குச் சென்றது. போர் முடிந்தபின் சில திங்கள் மட்டுமே மீண்டும் கல்விப் பணியாற்றியது.

நம் கடலில் சென்ற கப்பல்

இதே பிரிட்டிஷ் இந்தியா நிறுவனத்தின் மற்றொரு கப்பலை இந்நாட்டுத் தமிழர் நன்கறிவர். 1926ஆம் ஆண்டு கட்டப்பெற்ற ‘ரஜூலா’வே அது. சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம், சிங்கப்பூர் என அது சென்று மீண்டது. அதில் எவரும் உல்லாசத்துக்கு ஏறவில்லை. உடன்வருவோரின் வயதைக் கேட்டும் ஏறவில்லை. ஆயினும் அவ்வகைக் கப்பல்களின் கூட்டத்துக்கும் ஒரு வயது இருந்தது. அதனை வகுத்தவர் பயணியரல்லர்.

தோட்டங்களுக்கு ஆள் திரட்டிய காலத்தில் கங்காணி தேடியது உழைக்கும் உடலை. ரப்பர் மரம் சீவவும் காடழிக்கவும் வலுவுள்ள இளம் ஆடவரும், பின்னர் இளங்குடும்பங்களுமே ஆவடி, நாகப்பட்டினம் முகாம்களில் கூடினர். பாட்டனும் பாட்டியும் ஊரிலேயே நின்றுவிட்டனர். பினாங்கை அடைந்ததும் ஜெரஜாக் தீவின் நோய்த்தடுப்பு முகாமில் தங்கி, பின் தோட்டம் சென்றவர்க்கு, தாலாட்டுச் சொல்லித்தரவும் மருந்து அரைத்துத் தரவும் மூத்தோர் அருகில் இல்லை. புதிய மண்ணில் கோயிலையும் பள்ளியையும் எழுப்பியவர்கள் பெரும்பாலும் முதியோர் துணையின்றி வாழக் கற்றுக்கொண்ட இளையோரே. நம் சமுதாயத்தின் தொடக்க வரலாற்றில் காணப்படும் வெறுமை சில, அக்கப்பல் தளங்களின் வயதுக் கணக்கிலிருந்தே பிறந்தவை எனலாம்.

1938ஆம் ஆண்டு இந்திய அரசு தோட்டத் தொழிலாளரை உதவி தந்து அனுப்புவதைத் தடை செய்தது. போருக்குப் பின் கப்பற் கூட்டத்தின் தோற்றம் மாறியது. தளத்தில் பாய் விரித்துப் படுத்த டெக் பயணிகளிடையே, ஊருக்குச் சென்று திரும்பும் குடும்பங்களும், பேரப்பிள்ளைகளைப் பார்க்க வரும் மூதாட்டியரும், படிக்கச் செல்லும் பிள்ளைகளும் காணப்பட்டனர். ஏறக்குறைய ஒரு வாரப் பயணத்தில் மூன்று தலைமுறையும் ஒரே தளத்தில் உண்டு உறங்கின. 1953ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த குடிநுழைவுச் சட்டம் அவ்வரவைச் சுருக்கியது. 1969ஆம் ஆண்டையொட்டிக் குடியுரிமை இல்லாதோர் வேலை செய்ய அனுமதிச் சீட்டுப் பெறவேண்டும் என்ற விதி வந்தபோது, வாழ்நாளெல்லாம் இங்கு உழைத்த முதியோர் பலர் ரஜூலாவில் ஏறித் திரும்பினர். ஒரே வீட்டில் தந்தையிடம் ஒரு நிறச் சீட்டும் மகனிடம் வேறு நிறச் சீட்டும் இருந்தால், கப்பல் அவர்களைப் பிரித்தது. வரும்போது இளைஞர் நிறைந்த தளம், போகும்போது முதியோர் நிறைந்ததாயிற்று.

1973ஆம் ஆண்டு ரஜூலாவின் பணி முடிந்தது. பின்வந்த ‘சிதம்பரம்’ கப்பல் 1985ஆம் ஆண்டு தீ விபத்துக்குள்ளானது. அத்துடன் அக்கடல்வழியும் ஓய்ந்தது. எட்டாண்டு கழித்து, 1993ஆம் ஆண்டு, ஸ்டார் குரூசஸ் நிறுவனம் சிங்கப்பூரிலிருந்து உல்லாசக் கப்பல்களைச் செலுத்தத் தொடங்கியது. கூலிக்காரராகப் பாட்டன் வந்திறங்கிய கடலில் பேரன் விருந்தினனாகச் சென்றான்.

முடிவுரை

இவ்வரலாற்றால் நாம் அறிவது யாது? கப்பலில் கூடும் கூட்டத்தின் வயது தற்செயலாக அமைவதில்லை. காலமும் கட்டணமும் நோக்கமும் அதனை வகுக்கின்றன. சில வேளைகளில் சட்டமும் வகுக்கிறது. இன்றைய பயணி தானே தேர்ந்தெடுக்கும் நிலையில் இருக்கிறான். நம் முன்னோர்க்குக் கிட்டாத உரிமை அது. அவ்வுரிமையை அறிந்து பயன்படுத்துதல் தவறன்று. கைக்குழந்தையுடைய தாய் குழந்தைகள் மிகுந்த கப்பலை நாடுவதும், நோயிலிருந்து தேறிய முதியவர் அமைதியான கப்பலை நாடுவதும் இயல்பே.

ஆனால் தம் வயதினரே போதும் என்று கதவடைப்பவர் ஒன்றை மறக்கலாகாது. 31 வயது எழுத்தாளருக்கு நல்லாசிரியராக வாய்த்தவர் அவரினும் மூத்த அம்மையார். வாழ்வின் வழியைக் காட்டியவன் அவரினும் இளைய சிறுவன். ஒருவர் வயதையே பார்த்து விலகியிருந்தால் இரண்டும் நிகழ்ந்திரா.

தமிழாசிரியர்கள் விடுமுறைக் கட்டுரை எழுதச் சொல்லும்போது, எங்கே சென்றாய் என்று மட்டும் கேளாமல், யாருடன் சென்றாய் என்றும் கேட்கலாம். மாணவர்கள் தம் பாட்டனிடமோ பாட்டியிடமோ அவர்கள் வந்த கப்பலைப் பற்றியும், அவர்தம் பெற்றோர் வந்த கப்பலைப் பற்றியும் கேட்டு எழுதலாம். அடுத்த விடுமுறையில் குடும்பம் கப்பலேறுமாயின், அம்முதியோருக்கும் ஓர் இடம் பதிவு செய்யப்படட்டும். ஆவடி முகாமில் விடைபெற்றபோது நம் மூதாதையர் பின்னே விட்டுவந்த தலைமுறையை, இம்முறையேனும் நாம் உடன் அழைத்துச் செல்வோம்.